மாமூலுக்கு ஈக்வடாரில் 'தடுப்பூசி' என்று பெயர்

ஈக்வடாரின் பெரிய துறைமுக நகரம் குவாயகில். அங்கே சின்னதாகக் கடை வைத்திருப்பவர்கள் தவணை தவறாமல் 'தடுப்பூசி' போட்டுக்கொள்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'வாக்குனா'. ஊசியெல்லாம் கிடையாது. கும்பலைச் சேர்ந்த பையன் ஒருவன் நேரில் வருவான், அல்லது வாட்ஸப்பில் செய்தி வரும். சொன்ன தொகையைக் கட்டிவிட்டால் கடை பிழைக்கும். கட்டாவிட்டால் ஷட்டரில் குண்டு பாயும், இல்லையென்றால் வாசலில் ஏதாவது வெடிக்கும். நம்மூரில் இதற்கு மாமூல் என்று பெயர், இலங்கையில் கப்பம் என்பார்கள். ஆனால் 'தடுப்பூசி'யில் உள்ள நக்கல் அந்த இரண்டிலும் இல்லை. நோயைப் பரப்புகிறவனே ஊசியும் போடுகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஈக்வடார் இப்படிப் பேர் எடுத்த நாடு அல்ல. ஒரு பக்கம் கொலம்பியா, மறுபக்கம் பெரு. இரண்டும் கோகா, அதாவது கொக்கெயின் எடுக்கும் இலை, விளையும் நாடுகள். நடுவில் ஈக்வடார் மட்டும் பெரிய வம்பில்லாமல் இருந்தது. 2017, 2018ல் நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவான கொலைகள்தான்; லட்சம் பேருக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். 2023ல் அது ஏறக்குறைய எட்டாயிரம் ஆனது. லட்சத்துக்கு 45க்கும் மேல். ஆறே ஆண்டில்!

வறுமைதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். அந்நாட்டு அரசின் கணக்குப்படி 2017 கடைசியில் நூற்றுக்குச் சுமார் 22 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். கொரோனா ஆண்டில் அது 33 வரை ஏறி, 2023 கடைசியில் 26க்கு இறங்கியது. ஏழைகள் கூடினார்கள், உண்மைதான். ஆனால் வறுமை சுமார் ஐந்தில் ஒரு பங்கே ஏறிய இடத்தில் கொலை எட்டு மடங்கு ஏறியதை அதை வைத்து மட்டும் எப்படி விளக்குவது? வங்கதேசத்தைப் பாருங்கள். தனிநபர் வருமானத்தில் ஈக்வடாரின் பாதியைக்கூட எட்டாத நாடு. கொலை விகிதமோ லட்சத்துக்கு இரண்டு மூன்றுக்குள் நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில் பீகாரின் கொலை விகிதம் லட்சத்துக்கு 2.3, ஹரியானாவின் விகிதம் 3.8. இந்தியப் பெருமாநிலங்களில் தனிநபர் வருமானத்தில் கடைசியில் நிற்பது பீகார். ஹரியானா முன்வரிசையில் இருக்கிறது.

அதற்காகக் கஷ்டத்துக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் கஷ்டம் செய்யும் காரியம் ஒன்று, கெட்டுப்போன நிர்வாகம் செய்யும் காரியம் இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுவதால்தான் 'வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகும்' என்று ஒரு கட்சியும் 'சுட்டுத் தள்ளினால் எல்லாம் சரியாகும்' என்று இன்னொரு கட்சியும் முடிவில்லாமல் வாதாடிக்கொண்டிருக்கின்றன.

பசி எதைத் திருடும்

முதலில் கஷ்டத்தை எடுத்துக்கொள்வோம். கஷ்டம் வந்ததால் குற்றம் கூடியதா, குற்றம் கூடியதால் கஷ்டம் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலை அல்ல. அதனால் பொருளாதார ஆய்வாளர்கள் மனிதர் கையில் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், பெரும்பாலும் மழையை.

19ஆம் நூற்றாண்டு பவேரியாவைப் பற்றி அப்படி ஓர் ஆய்வு உண்டு. ஜெர்மனியில் ஏழைகளின் அன்றாட உணவு ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி. மழை கெடுத்து ரை விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டு வழக்குகள் ஏறின. அடிதடியும் வெட்டுக்குத்தும் என்ன ஆயின? குறைந்தன! காரணம் பீர் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தானிய விலை ஏறும்போது பீர் விலையும் ஏறும். குடி குறைந்தது, கைகலப்பும் குறைந்தது. நம் டாஸ்மாக் விவாதத்தில் இதை எந்தப் பக்கத்துக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைவிடத் தெளிவான உதாரணம் மடகாஸ்கர். 2001 டிசம்பரில் நடந்த அதிபர் தேர்தலின் முடிவில் தகராறு. 2002 தொடக்கத்தில் மலைப்பகுதிகளுக்கு எரிபொருள் போவது ஏறக்குறைய நின்றுபோனது. சில மாதங்களில் கிராமங்கள் வறுமையில் விழுந்தன. அந்தச் சமயத்தில் கிராமம் கிராமமாக விசாரித்து எடுத்த கணக்கில் இரண்டு விதத் திருட்டுகள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. ஒன்று, வயலில் நிற்கும் பயிரை இரவோடிரவாக அறுத்துப்போவது. அது வறுமையோடு சேர்ந்து ஏறியது. இன்னொன்று, மாட்டுத் திருட்டு. மடகாஸ்கரில் அது பசிக்காகத் திருடுகிறவன் வேலை இல்லை. ஆயுதம் வைத்திருக்கும் கும்பல்களின் தொழில். அது எங்கே குறைந்தது என்றால், காவலர்கள் கூடுதலாக இருந்த இடத்தில். ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களில் சில வகைக் குற்றங்கள் கூடின, சில குறைந்தன.

நான் சொல்ல வருவது ஏறக்குறைய முழுவதும் அந்த மடகாஸ்கர் கணக்கிலேயே இருக்கிறது. வயிற்றுக்கு இல்லாதவன் பயிரை அறுக்கிறான். மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கு ஆள்பலம், ஆயுதம், வாங்குவதற்கு ஒரு வியாபாரி, கண்ணை மூடிக்கொள்ள ஓர் அதிகாரி எல்லாம் வேண்டும். இவ்வளவும் பசியிலிருந்து வருவதில்லை.

ஆனாலும் பசி கொல்லவே கொல்லாது என்றும் சொல்ல முடியாது. தான்சானியாவின் மேற்குப் பகுதியில் ஒரு மாவட்டத்தில், மழை பொய்த்த ஆண்டுகளிலும் கொட்டித் தீர்த்த ஆண்டுகளிலும், 'சூனியக்காரி' என்று முத்திரை குத்திக் கிழவிகளைக் கொல்வது ஏறக்குறைய இரட்டிப்பானது. கொன்றவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். இந்தியாவில் வறட்சி ஆண்டுகளில் வரதட்சணைச் சாவுகள் கூடுவதை இன்னொரு ஆய்வு காட்டியது. கஷ்டத்தால் வரும் கொலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, எதிர்த்து நிற்க முடியாதவர்கள் மேல் விழுகிறது. தெருவில் துப்பாக்கியோடு நிற்பது வேறு கதை.

பிரேசிலிலிருந்து இன்னொரு கணக்கு. 1990களின் தொடக்கத்தில் அந்த நாடு இறக்குமதி வரிகளை மளமளவென்று குறைத்தது. போட்டி தாங்காமல் ஆலைகள் நொடித்த வட்டாரங்களில் வேலை போயிற்று, அப்புறம் கொலை ஏறியது. 'பார்த்தீர்களா, வேலையின்மைதான்' என்று இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அதே வட்டாரங்களில் அரசின் வரி வருவாயும் சரிந்திருந்தது. காவலுக்கும் பள்ளிக்கும் ஆகும் செலவும் சுருங்கியிருந்தது. அதாவது கஷ்டம் நேராக வீட்டுக் கதவைத் தட்டுவதோடு நிற்காமல், கொல்லைப்புறமாகப் போய் நிர்வாகத்தையும் அரிக்கிறது. இதைக் கவனிக்காமல் 'வறுமையா, நிர்வாகமா' என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயன் இல்லை.

பிடிபடுவோமா என்ற கேள்வி

நல்ல நிர்வாகம் என்றால் என்ன? உலக வங்கி அறிக்கைகளில் வரும் 'நல்லாட்சி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். அதைக் கொஞ்சம் பிரித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது.

கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் ஒருநாள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தக் காரில் போய்க்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது. காசு கொடுத்துத் தள்ளி நிறுத்தலாம். அல்லது தெருவிலேயே சட்டத்தை மீறி நிறுத்திவிட்டு ஓடலாம். சிக்கினால் அபராதம் எவ்வளவு, சிக்குவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று மனதுக்குள் கூட்டிக் கழித்துவிட்டுத் தெருவிலேயே நிறுத்தினார். நிறுத்திவிட்டு நடந்தபோதுதான், காவல்துறையும் இதே கணக்கைத்தானே மறுபக்கத்திலிருந்து போடும் என்று தோன்றியதாம். 1968ல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரையின் விதை அது. 1992ல் நோபல் பரிசு வாங்கியபோது அவரே சொன்ன கதை.

தண்டனையின் கடுமையும் பிடிபடும் வாய்ப்பும் வேறு வேறு. நூறு ஆண்டு சிறை என்று சட்டப் புத்தகத்தில் எழுதலாம், காகிதச் செலவுதான். நூற்றில் எழுபது கொலையைத் துப்புத் துலக்கி, சாட்சியைக் காப்பாற்றி, இரண்டு ஆண்டில் தீர்ப்பு வாங்க வேண்டுமென்றால் பணமும் ஆளும் நேர்மையும் வேண்டும். ஏழை நாடுகளில் முதலாவது தாராளமாக நடக்கும், இரண்டாவது நடக்காது.

நடு அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நாடுகளான ஹோண்டுராஸையும் நிகராகுவாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2011 வாக்கில் ஹோண்டுராஸில் லட்சத்துக்கு 85 கொலைகள், நிகராகுவாவில் 12, 13. இரண்டில் ஏழை நாடு நிகராகுவா. 1979 புரட்சிக்குப் பிறகு அங்கே காவல்துறையைப் பழைய ஆட்களைக் கொண்டு ஒப்பேற்றாமல் புதிதாகக் கட்டினார்கள். தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களோடு தொடர்பு வைத்திருந்த படை அது. ஹோண்டுராஸில் தேசியக் காவல்துறைத் தலைவராக இருந்த 'புலி' பொனியா, கொக்கெயின் கடத்தலுக்கு உடந்தை என்று 2024ல் அமெரிக்க நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டு அதிபராக இருந்த யுவான் ஒர்லாண்டோ எர்னாண்டஸுக்கு அதே ஆண்டு அதே குற்றத்துக்கு 45 ஆண்டு சிறை. (2025 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கி அவர் வெளியே வந்துவிட்டார். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.) நிகராகுவாவையும் ரொம்பப் புகழ வேண்டியதில்லை: அதே காவல்துறைதான் 2018ல் போராட்டக்காரர்களை அடக்கப் போனது, அந்த ஒடுக்குமுறையில் 300க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இங்கே புள்ளிவிவரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒருமுறை பேருந்தில் கைபேசியைப் பறிகொடுத்துவிட்டுக் காவல் நிலையம் போனேன். 'திருடு போச்சுன்னு எழுதாதீங்க, தொலைஞ்சுபோச்சுன்னு எழுதுங்க, சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன்' என்றார் எழுத்தர். வழக்காகப் பதியாமல் தருகிற ரசீது அது. எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்த நிலைய எல்லையில் ஒரு திருட்டு குறைந்தது. கேரளத்தின் குற்ற விகிதம் தேசியப் பட்டியலில் பல ஆண்டுகள் உச்சியில் இருந்ததற்குப் பெரிய காரணம், அங்கே புகார் கொடுத்தால் வழக்காகப் பதிவாகிறது என்பதே. நிர்வாகம் மேம்பட்டால் பதிவான குற்றம் ஏறலாம். அதனால்தான் நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது எல்லோரும் கொலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கைபேசியைப் போலப் பிணத்தைத் 'தொலைந்துபோனது' என்று எழுதிவிடுவது கொஞ்சம் கஷ்டம்.

காலி நாற்காலி

நிலத் தகராறு ஒன்று சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் எத்தனை ஆண்டு ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் நமக்குக் கட்டப்பஞ்சாயத்து என்ற சொல் கிடைத்தது. மற்ற மொழிக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அரசு உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்தால் அது காலியாகவே இருக்காது. ஒருவன் வந்து உட்காருவான். சீக்கிரம் தீர்ப்பு சொல்வான். அதற்குக் கட்டணம் வாங்குவான்.

இதன் பிரம்மாண்டமான வடிவத்தை சாவோ பாவ்லோவில் பார்க்கலாம். 1992ல் அந்நகரின் கரண்டிரு சிறையில் கலவரத்தை அடக்கப் போன காவலர்கள் 111 கைதிகளைக் கொன்றார்கள். மறு ஆண்டு, அதே மாநிலத்தில் இன்னொரு சிறையில், கைதிகள் தங்களைக் காத்துக்கொள்ள என்று சொல்லி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'தலைநகரின் முதல் படை' என்று பெயர். போர்த்துகீசிய எழுத்துகளைச் சுருக்கி பி.சி.சி. என்பார்கள். சிறைக்குள் சோப்பும் வழக்கறிஞரும் ஏற்பாடு செய்து தந்த அந்தச் சங்கம், பிறகு புறநகர்களில் தகராறு தீர்த்துவைக்கத் தொடங்கியது. அனுமதி இல்லாமல் யாரும் யாரையும் கொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். 2000த்துக்குப் பிறகு சாவோ பாவ்லோவில் கொலைகள் வெகுவாகக் குறைந்ததற்கு அரசின் சீர்திருத்தம் எவ்வளவு காரணம், பி.சி.சி.யின் கட்டப்பஞ்சாயத்து எவ்வளவு காரணம் என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமைதியாக இருக்கிற ஊரெல்லாம் நல்ல நிர்வாகம் உள்ள ஊர் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஈக்வடாரில் முதலில் காலியான நாற்காலியும் சிறைதான். 2018ல், கடன் சுமையும் சிக்கனமும் என்று சொல்லி, லெனின் மொரேனோ அரசு நீதித்துறை அமைச்சகத்தையே கலைத்தது. சிறைகளைக் கவனிக்கும் பொறுப்பு பலவீனமான புது நிறுவனம் ஒன்றுக்குப் போனது, நிதியும் வெட்டப்பட்டது. குவாயகிலின் லித்தோரல் சிறையில் ஒவ்வொரு தொகுதியும் ஒரு கும்பலின் கையில். படுக்கைக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, உயிரோடு இருக்கக் காசு. வீட்டார் வெளியிலிருந்து கட்ட வேண்டும். சின்னத் திருட்டுக்கு உள்ளே போன பையன் கும்பலில் சேராமல் வெளியே வர முடியாது. அரசுச் செலவில் நடந்த ஆள்சேர்ப்பு முகாம் என்றே சொல்லலாம்.

நேரமும் மோசமாக அமைந்தது. 2016ல் கொலம்பிய அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் சமாதானம் செய்துகொண்டார்கள். எல்லையோரத்தில் கொக்கெயின் பாதையை ஒரே கையில் வைத்திருந்த படை கலைந்து, அந்த இடத்துக்குப் பல கைகள் போட்டியிட்டன. ஐரோப்பாவில் கொக்கெயினுக்கு வரவேற்பு ஏறிக்கொண்டிருந்தது. உலகிலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு ஈக்வடார். அழுகும் பண்டம் என்பதால் கன்டெய்னர்களைத் துறைமுகத்தில் நாள் கணக்கில் நிறுத்திச் சோதிக்க முடியாது. போதாக்குறைக்கு, 2000லிருந்து ஈக்வடாரின் பணமே அமெரிக்க டாலர். கறுப்புப் பணத்தை மாற்றுகிற தொல்லைகூட இல்லை.

பெரிய கும்பல்கள் தேடி வருவது ஏழை ஊரை அல்ல, பணம் புழங்கும் வழியை. அங்கே கூலிக்கு ஆள் மலிவாகக் கிடைப்பது மட்டும்தான் வறுமை செய்து தரும் உதவி. நல்ல துறைமுகம், நல்ல சாலை, விலைபோகும் அதிகாரி, வேலையில்லாத பையன்கள். இந்த நான்கும் ஒரே ஊரில் அமைந்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா?

2020 டிசம்பரில், 'சோனேரோஸ்' கும்பலின் தலைவன் மந்தா நகரில் ஒரு வணிக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். வாரிசுச் சண்டை சிறைகளுக்குள் வெடித்தது. 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் 79 கைதிகள், செப்டம்பரில் லித்தோரலில் ஏறக்குறைய 120 பேர். புதுத் தலைவன் ஃபீட்டோ சிறைக்குள்ளிருந்தே பாட்டு வீடியோவில் தோன்றினான். 2023 ஆகஸ்டில், அவனிடமிருந்து மிரட்டல் வருகிறது என்று வெளிப்படையாகச் சொன்ன அதிபர் வேட்பாளர் ஃபெர்னாண்டோ வில்லாவிசென்சியோ தலைநகர் கித்தோவில் பிரச்சாரம் முடித்து வரும்போது கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் ஃபீட்டோ சிறையில் இல்லை என்பது தெரியவந்தது. இரண்டு நாள் கழித்து முகமூடி ஆட்கள் குவாயகிலில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்து நேரலையில் துப்பாக்கி காட்டியதை உலகமே பார்த்தது. ஃபீட்டோவை எங்கெங்கோ தேடினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து அவன் அகப்பட்டது சொந்த ஊரான மந்தாவில், ஒரு சொகுசு வீட்டின் நிலத்தடி அறையில்.

ஆனால் என்னைக் கேட்டால், தொலைக்காட்சி நிலையக் காட்சியைவிட முக்கியமானது அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது. 2022ல் சிறைக்குள் கொல்லப்பட்ட ஒரு கடத்தல் முதலாளியின் கைபேசிகளைத் திறந்து பார்த்தார்கள். அதில் கிடைத்த உரையாடல்களை வைத்து நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், காவல் அதிகாரிகள், சிறைத்துறையின் முன்னாள் தலைவர், நீதித்துறை மன்றத்தின் தலைவர் என்று சுமார் முப்பது பேரைத் தலைமை அரசு வழக்கறிஞர் டயானா சலசார் ஒரே வீச்சில் பிடித்தார். வழக்குக்கு வைத்த பெயர் 'மெட்டாஸ்டாசிஸ்': உடலெங்கும் பரவிவிட்ட புற்று. கும்பல் நீதிமன்றத்தை எதிர்த்து நிற்கவில்லை, வாடகைக்கு எடுத்திருந்தது.

பீகாரின் ஆயுத வழக்குகள்

கொஞ்சம் ஆறுதலான கதையும் உண்டு, அதுவும் பக்கத்திலேயே. 2004ல் பீகாரில் பணத்துக்காக ஆளைக் கடத்திய வழக்குகள் மட்டும் 411. பாட்னா டாக்டர்களும் வியாபாரிகளும் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலம். 2007ல் அது நூறுக்கும் கீழே வந்துவிட்டது. இந்த மூன்று ஆண்டில் பீகார் பணக்கார மாநிலம் ஆகிவிடவில்லை, இன்றும் ஆகவில்லை.

2005 நவம்பரில் நிதிஷ் குமார் முதல்வரானதும் செய்தவற்றில் ஒன்று பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. தாதாக்கள் மீது கொலை வழக்கு நிற்காது, சாட்சி சொல்ல ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தான் என்ற வழக்கில் சாட்சிகள் யார்? துப்பாக்கியைக் கைப்பற்றிய காவலர்கள்தான். அவர்கள் பிறழ மாட்டார்கள், பிறழவும் விடமாட்டோம் என்று முடிவெடுத்து, விரைவு நீதிமன்றங்களில் ஆயுதச் சட்ட வழக்குகளை வரிசையாக நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே போனார்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தினரைக் கொண்டு துணைக் காவல் படையும் அமைத்தார்கள். சிவான் மாவட்டத்தைக் கையில் வைத்திருந்த தாதா ஷஹாபுதீனுக்கு 2007ல் ஆயுள் தண்டனை. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, ஏற்கெனவே இருந்த சட்டத்தை நடத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் பீகாரில் பதிவான மொத்த வழக்குகள் கூடின. மக்கள் காவல் நிலையத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்.

கட்டியதை இடிக்கவும் முடியும். 1994ல் மாவட்ட ஆட்சியர் ஜி. கிருஷ்ணய்யா கொலையில் தண்டிக்கப்பட்ட அரசியல்வாதி ஆனந்த் மோகன் சிங்குக்கு வசதியாக, பணியிலிருக்கும் அரசு ஊழியரைக் கொன்றவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லை என்ற சிறை விதியை 2023ல் அதே நிதிஷ் அரசு நீக்கியது. அவர் வெளியே வந்தார்.

கொழும்பு: சங்கிலி எங்கே தொடங்குகிறது

இலங்கையில் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலிருந்தே பார்க்கலாம். அங்கே பொருளாதாரக் கஷ்டம் வானத்திலிருந்து விழவில்லை. 2023 நவம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் (அங்கே அதை 'உயர் நீதிமன்றம்' என்பார்கள்), 2022 நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்களும் மற்ற உயர் அதிகாரிகளும் பொறுப்பு, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. முதலில் நிர்வாகம் கெட்டது, அதனால் கஷ்டம் வந்தது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உலக வங்கி மதிப்பீட்டில் 2019ல் நூற்றுக்கு 11 பேராக இருந்த ஏழைகள் 25 பேர் ஆனார்கள். மின்கம்பித் திருட்டும் இரும்புத் திருட்டும் அன்றாடச் செய்தி ஆயின. அது பயிரை அறுக்கும் வகைத் திருட்டு.

பாதாள உலகக் குழுக்களின் துப்பாக்கிச் சூடு வேறு வகை. அதற்கு அரசு கொடுத்த மருந்து 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கை. ஒரு மாதத்துக்கு மேல் கொஞ்ச நாளில் 29,000க்கும் அதிகமானோர் கைதாகியிருந்தார்கள் என்றார்கள் ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள். சிக்கியவர்களில் பெரும்பாலோர் போதைக்கு அடிமையானவர்களும் சின்ன விற்பனையாளர்களும்தான். அதை நடத்திய பதில் பொலிஸ் மாஅதிபர் (காவல்துறையின் தற்காலிகத் தலைவர்) தேசபந்து தென்னகோன் ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பு என்று, நடவடிக்கை தொடங்கிய வாரத்திலேயே உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2025 மார்ச்சில் அவரே வேறொரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் பொலிஸாரால் தேடப்பட்டு, பிறகு நீதிமன்றத்தில் சரணடைந்தார். ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், வழக்கறிஞர் உடையில் வந்த ஒருவன் பாதாள உலகத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைக் கூண்டிலேயே சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வந்தது, உள்ளே குடைந்த ஒரு புத்தகத்துக்குள்.

எல் சால்வடோர் செய்ததை எல்லோரும் செய்யலாமா

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எல் சால்வடோர் அதிபர் புகேலேயின் பெயரைச் சொல்வார். நியாயமான கேள்விதான். எல் சால்வடோரில் 2015ல் லட்சத்துக்கு நூறுக்கும் மேல் இருந்த கொலை விகிதம், அரசுக் கணக்குப்படி 2024ல் இரண்டுக்கும் கீழே வந்தது. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதும் நெருக்கடி நிலை அறிவித்து, 80,000க்கும் மேற்பட்டோரை உள்ளே போட்டார்கள். அதில் சுமார் 8,000 பேரைத் தவறாகப் பிடித்துவிட்டோம் என்று அரசே விடுவித்தது. உள்ளேயே செத்தவர்கள் சில நூறு. தெருவில் மக்கள் நிம்மதியாக நடக்கிறார்கள் என்பதும் பொய் இல்லை. சொந்தத் தெருவில் மாமூல் கட்டாமல் வாழ்வது சின்ன விஷயமா? ஆனால் பிடிபட்டவர் குற்றவாளிதானா என்று கேட்க அங்கே இப்போது சுதந்திரமான நீதிபதி யாரும் மிச்சமில்லை.

2024ல் ஈக்வடாரின் இளம் அதிபர் நொபோவா அதே வழியில் போனார். 22 கும்பல்களைப் பயங்கரவாதிகள் என்று அறிவித்துச் சிறைகளுக்குள் ராணுவத்தை அனுப்பினார். அந்த ஆண்டு கொலைகள் ஓரளவு குறைந்தன. 2025ல் மறுபடி ஏறின, முன்பைவிட மோசமாக. அதே மருந்து இங்கே ஏன் பிடிக்கவில்லை? எல் சால்வடோரின் மாராக் கும்பல்கள் ஏழைக் கும்பல்கள். பெட்டிக்கடையிலும் பேருந்திலும் வாங்கிய சில்லறையில் வாழ்ந்தவர்கள். உடம்பில் பச்சை குத்திக்கொண்டு தெருவோடு ஒட்டியிருந்தவர்கள். அள்ளிப்போட முடிந்தது. ஈக்வடாரில் கும்பலுக்குப் பின்னால் கொக்கெயின் பணம் இருக்கிறது. ஒரு தலைவனைப் பிடித்தால் அந்த இடத்துக்கு நான்கு பேர் மோதுகிறார்கள், கொலை கூடுகிறது. நீதிபதியை விலைக்கு வாங்கியவனைப் பச்சை குத்தலை வைத்து எப்படி அடையாளம் காண்பது?

குவாயகிலுக்கு எதிர்க்கரையில் துரான் என்ற ஊர். 2023ல் உலகிலேயே அதிகம் கொலை நடந்த ஊர்களில் ஒன்று. லட்சத்துக்கு நூறை நன்றாகத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் மேயராகப் பதவியேற்ற அன்றே லூயிஸ் சொனியோவைச் சுட்டார்கள், தப்பித்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் மறைவிடத்திலிருந்தே ஊரை நிர்வகித்தார். துரானில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பல ஆண்டுகளாக லாரித் தண்ணீர்தான். புறம்போக்கில் மனை பிரித்து விற்பதும் அங்கே கும்பல்களின் தொழில். பட்டா கொடுக்க அரசு வராத இடத்தில் அவர்கள் கொடுக்கும் துண்டுச் சீட்டுதான் பத்திரம். ராணுவம் வந்து போகிறது. தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை.